தங்கச்சிக்கு ஐ.டி. வேலை: தெரிஞ்சாக்கள் உதவுங்க

வணக்கம் உறவுகளே. என்ட தங்கச்சி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துல கம்பியூட்டர் சயன்ஸ் முடிச்சவ. சொஃப்ட்வெயார் எழுதப் பாவிக்கிற ஜாவா, ஸ்பிரிங் பூட், ரியாக்ட் வடிவாத் தெரியும். களுவாஞ்சிகுடியில ஒரு பார்மசிக்கு ஸ்டொக் பார்க்கிற சிஸ்டம் தனியாச் செஞ்சு குடுத்தவ. காலாவதித் திகதி கிட்டவந்த மருந்தைச் சிவப்புல காட்டும். கடைக்காரர் இப்பயும் அதைத்தான் பாவிக்கிறார்.

ஆனா எங்க போட்டாலும் அனுபவம் கேட்கிறாங்க. முதல் வேலைக்கே ரெண்டு வருச அனுபவம் எண்டா பிள்ளையள் எங்க போறது? கோடிங் டெஸ்ட் பாஸாகிறா, இங்கிலிஷ் இன்டர்வியூவிலதான் தடுமாறுறா.

கொழும்புக் கம்பனிகள்ல இருக்கிற மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆக்கள், ட்ரெயினி இல்லாட்டி கியூ.ஏ. (சொஃப்ட்வெயார்ல பிழை இருக்கா எண்டு பார்க்கிற வேலை) இடம் வந்தா ரெஃபர் பண்ணுவீங்களா? அதைவிட முக்கியமா, ஒரு பின்னேரம் சூம்ல இங்கிலிஷில கேள்வி கேட்டு, எங்க பிழைக்குது எண்டு சொல்லித்தர ஒராள் வேணும். திறமை இருக்கிற பிள்ளை, வீட்டுல சோர்ந்து போய் இருக்கிறதப் பார்க்க ஏலாம இருக்கு.

கொழும்பு வெள்ளவத்தையில மாமி வீடு இருக்கு, தங்கிறது பிரச்சினையில்ல. வீட்டிலிருந்து செய்யிற வேலையெண்டாலும் சரி. சீ.வி.யும், அவ எழுதின கோட் இருக்கிற கிட்ஹப் லிங்கும் இன்பொக்ஸ்ல அனுப்புறன். காசு தந்தா வேலை எடுத்துத் தாறம் எண்டு சொல்றாக்கள் தயவுசெய்து எழுத வேணாம்.