சோக் கேபிள் சுட்ட கதை: செல்ஃப் எடுக்காத பழைய வண்டிகள்

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அப்பா 1984-ல் வாங்கிய மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர். போன வருஷம் டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடித்து, மாப்பிள்ளை மாதிரி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பத்து நாள்கூட ஆகவில்லை, செல்ஃப் தகராறு ஆரம்பம். சாவியைத் திருப்பினால் ‘டக்’. அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடியும் ‘டக்’. மூன்றாவது தடவை காய்ச்சல்காரன் எழுந்து நடப்பது போல இழுத்து இழுத்துச் சுற்றும். சில நாள் எடுக்கும், சில நாள் தெருப் பையன்களைக் கூப்பிட வேண்டும்.

எல்லாரையும் போல நானும் பேட்டரி மேல்தான் முதலில் பழி போட்டேன். புது பேட்டரி வந்தது. இரண்டு நாள் ஜோராக எடுத்தது, மூன்றாம் நாள் ‘டக்’. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் மாற்றினோம். அப்புறம் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு. எவ்வளவு செலவானது என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்வதாக இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், பழைய கதை. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தபடி, “உங்கப்பா இருந்தப்ப இது ஒரு நாள் நின்னதில்ல” என்றார். அது சுத்தப் பொய். ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் எடுத்துச் சொல்ல முடியுமா? நாலைந்து தடவை விடாமல் திருப்பிவிட்டு, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுக்கலாம் என்று குமிழைப் பிடித்தேன். அதன் தண்டு விரலைச் சுட்டது. டேஷ்போர்டுக்குக் கீழே ரப்பர் கருகும் வாடை. வண்டி எரியப்போகிறது என்று பயந்து அம்மாவை இறக்கிவிட்டு, பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன்.

பக்கத்துத் தெருவில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “சோக் கேபிள் சுடுதா? அப்ப செல்ஃப்ல ஒண்ணும் இல்ல தம்பி. கரண்டு போவுது, திரும்பி வர வழி இல்லாம அதும்மேல ஏறி வருது.”

விளக்கம் இதுதான். பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் பூட்டியிருக்கிறது. இன்ஜின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மவுன்டிங் மேல். இரண்டையும் சேர்ப்பது பின்னல் போட்ட ஒரு எர்த் பட்டை. செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் பாயும், அத்தனையும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது கெட்டுப்போனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற வேறு எந்தக் கம்பி கிடைத்தாலும் கரண்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், எதுவானாலும் சரி. மெல்லிசுக் கம்பி, சுடாமல் என்ன செய்யும்?

அவர் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினில் பெயின்ட் படாத ஒரு போல்ட்டிலும் கவ்வினார். “இப்ப அடிங்க.” அரைச் சுற்றுகூட இல்லை, எடுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

மறுநாள் காலை அவருடைய பட்டறையில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போதும் 11-க்குக் கீழே இறங்கவில்லை. ஆக பேட்டரி குற்றவாளி இல்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே (மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்தில்) வைத்து, மறு முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்து அடிக்கச் சொன்னார். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே 0.2 தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். புது பேட்டரி இரண்டு நாள் ஏமாற்றியதற்கும் காரணம் புரிந்தது. முழுத் தெம்பில் இருந்ததால் தடையையும் மீறித் தள்ளியிருக்கிறது.

கீழே படுத்துப் பார்த்தால், எர்த் பட்டையின் இன்ஜின் முனை பச்சை பூத்து, பாதி இழை அறுந்திருந்தது. நம் கடலூர் உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாடி முனையில்தான் வேடிக்கை. பட்டை முனையிலுள்ள லக் என்கிற வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பளபளவென்று புது பெயின்ட். பட்டையைக் கழற்றி, தகட்டுக்கு அழகாக அடித்து, அதன் மேலேயே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். மீட்டர் 0.1 காட்டியது. இதுவரை தகராறு இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து:

எனக்கு இதற்கு நேர் எதிர். என்னுடையது பத்மினி கார். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்கப்புறம் செல்ஃப் நன்றாகச் சுற்றும், வண்டி எடுக்காது. பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் துடைத்துக் காய வைத்தும் பிரயோஜனமில்லை. காயிலிலிருந்து வரும் நடு ஒயரை ரப்பர் பிடி போட்ட குறட்டில் பிடித்து, பிளாக்குக்குப் பக்கத்தில் காட்டிச் சுற்றினால் பொறி மஞ்சளாக, நூல் மாதிரி வந்தது. நீலமாகப் ‘பட்’டென்று அடிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை வெட்டிவிடும் பாயின்ட் கருகிக் கிடந்தது. அதைக் கருகாமல் காக்கும் கண்டன்சர் போயிருந்தது. கடையில் வாங்கிய புதுக் கண்டன்சர் ஒரு மாதம் தாங்கவில்லை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கிடைத்த பழையதுதான் இன்றைக்கும் ஓடுகிறது.

கடலூர் முதுநகரிலிருந்து:

அம்பாசடர்காரர்களுக்கு ஒன்று. செல்ஃப் ‘டக்’ என்று அடித்து அப்படியே நின்றுபோனால், பெண்டிக்ஸ் பல் (செல்ஃப் மோட்டார் தண்டில் முன்னால் ஓடி, இன்ஜினைச் சுற்றிவிடும் பல்) ஃப்ளைவீலில் சிக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. சாவியை அணைத்துவிட்டு, நாலாவது கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், விடுபட்டுவிடும். என் வண்டியில் ஒரு புண்ணியவான் பெண்டிக்ஸ் தண்டுக்கு கிரீஸ் பூசியிருந்தார். தூசி அப்பி, பல் முன்னால் போகவே இல்லை, மோட்டார் மட்டும் ‘கிர்ர்’ரென்று தனியாகச் சுற்றியது. பெட்ரோலில் கழுவி, காய்ந்தபடியே மாட்டினேன், சரியானது.

மஞ்சக்குப்பம் அண்ணே, பெயின்ட் அடித்தவரிடம் கேட்டீர்களா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

கேட்டேன். “பாத்தீங்களா சார், அந்த மூலையிலகூட விடாம அடிச்சிருக்கோம்” என்றார்.