லசோட்டா தடுப்பு மருந்து கொடுத்த பிறகும் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், எங்கே தவறு?

கேள்வி:
200 நாட்டுக்கோழி, வயது 10 வாரம். வெள்ளைக்கழிச்சலுக்கு 7ஆம் நாள் எஃப் ஸ்ட்ரெய்ன் தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, 28ஆம் நாள் லசோட்டா குடிதண்ணீரில். அதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசி போடவில்லை. மூன்று நாளாகப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, இரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. தடுப்பு மருந்து கொடுத்தும் எப்படி வந்தது? இப்போது ஆர்2பி போடலாமா?

பதில் 1:
கழுத்து முறுக்கலைப் பார்த்தால் ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பறவைக் காய்ச்சலிலும் இதெல்லாம் வரும், அதனால் செத்ததை நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் அரைவைப்பைக்குச் சற்று முன்னால் இருக்கிற சுரப்பி இரைப்பையைத் திறந்து, உட்சுவரில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். உறுதிப்படுத்த ஆய்வகப் பரிசோதனை வேண்டும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கூடவே சேரும் பாக்டீரியாவுக்குத்தான்.

ஆர்2பி இப்போது வேண்டாம், ஐயா. அது வீரியம் கூடிய உயிர் மருந்து, அதாவது உயிருள்ள வைரஸ் உள்ள தடுப்பு மருந்து. நோய் உள்ளே இருந்து இன்னும் வெளியே தெரியாத கோழிக்குப் போட்டால் சாவு முந்தும். ஒரே ஊசி 200 கோழிக்கும் வைரஸைச் சுமந்து போகும். நோய் எட்டாத தனிக் கொட்டகை இருந்தால் அங்கே மட்டும் லசோட்டா கண் சொட்டு.

பதில் 2:
28ஆம் நாள் என்ன தண்ணீர், எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?

கேள்வி கேட்டவர்:
குழாய்த் தண்ணீர், 20 லிட்டர். காலையில் வைத்தது சாயங்காலம் வரை இருந்தது.

பதில் 2:
அங்கேதான் கோளாறு. குழாய்த் தண்ணீர்க் குளோரின் உயிர் மருந்தைக் கொன்றுவிடும்; மிஞ்சியதும் வெயிலில் போயிருக்கும். கணக்கு இதுதான்: 1000 கோழிக்கு, வயது எத்தனை நாளோ அத்தனை லிட்டர். 28 நாளில் 200 கோழிக்கு ஐந்தரை லிட்டர் போதும். குளோரின் இல்லாத தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, அரைமணி கழித்து மருந்தைச் சேருங்கள். பிளாஸ்டிக் பாத்திரம்தான், உலோகம் கூடாது. அதற்கு முன் ஒன்றிரண்டு மணிநேரம் தண்ணீர் காட்டாமல் வைத்தால் இரண்டு மணிநேரத்துக்குள் குடித்து முடிக்கும். மருந்துக் குப்பி 2 முதல் 8 டிகிரியை விட்டு வெளியே இருந்திருந்தால் இவ்வளவு செய்தும் வீண்தான்.

எட்டாம் வாரத்தில் ஆர்2பி விட்டுப்போனது இரண்டாவது ஓட்டை. அரை மில்லி, இறக்கைத் தோலுக்கு அடியில். அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கம்.

பதில் 3:
செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். ஆரோக்கியமான கொட்டகைக்கு முதலில் தீனி வையுங்கள், நோய்க் கொட்டகைக்குக் கடைசியில். எச்சத்தைச் சுரண்டி எடுக்காமல் கிருமிநாசினி தெளித்தால் பலனில்லை, மருந்தை எச்சமே தின்றுவிடும். கழுத்து முறுக்கிப் பிழைத்தவை சில காலம் வைரஸைக் கழித்துக்கொண்டே இருக்கும், புதுக் குஞ்சோடு சேர்க்காதீர்கள். கையாளும்போது கண்ணைத் தொடாதீர்கள். இந்த வைரஸ் மனிதருக்கும் கண் சிவப்பைக் கொடுக்கும்.