'யங் மேன் வித் எ ஹார்ன்': ரிக் மார்ட்டின் பிழைத்திருக்க வேண்டுமா?

வெண்திரைவாசி:
மைக்கேல் கர்டிஸ் இயக்கத்தில் 1950இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட இப்படத்தின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. டோரதி பேக்கர் 1938இல் எழுதிய மூல நாவலில், எக்காளக் கலைஞன் ரிக் மார்ட்டின் குடியால் அழிந்து இறந்துபோகிறான். அந்நாவலுக்குத் தூண்டுதலாக இருந்த ஜாஸ் இசைக்கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கும் 1931இல், தமது 28ஆம் வயதில் மறைந்தவர். திரையில் ரிக்காக நடித்த கிர்க் டக்ளஸோ குடியிலிருந்து மீண்டு, டோரிஸ் டே பாட, அருகில் நின்று வாசிக்கிறார். கட்டணம் கொடுத்து வந்தவர்கள் கலங்கிய கண்களோடு வெளியேறிவிடக் கூடாது என்ற வணிகக் கணக்கைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தாளக்கட்டு:
நண்பரே, தமக்குத் தூண்டுதலாக இருந்தது பிக்ஸின் இசைதானே தவிர அவரது வாழ்க்கை அன்று என்று பேக்கரே நாவலின் முகப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எனவே பிக்ஸின் மரணத்தைச் சான்றாக வைத்துப் படத்தின் மீது குற்றம் சாட்டுவது பொருந்தாது. மேலும், மேதை என்றால் குடித்துக் குடித்து இளமையிலேயே சாகத்தான் வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஒரு தேய்ந்த கற்பனைதான். அதைக் 'கலை நேர்மை' என்று நாம் கொண்டாடுகிறோம். கதையைச் சொல்லும் ஸ்மோக்காக நடித்த ஹோகி கார்மைக்கேல் உண்மையிலேயே பிக்ஸின் நண்பர். பியானோ முன் அமர்ந்து அவர் சொல்லும் தொனியிலேயே, வசனத்தில் இல்லாத இழப்பு முழுவதும் இருக்கிறது.

வெண்திரைவாசி:
கார்மைக்கேலைப் பற்றி நீங்களே பேச்செடுத்ததால் சொல்கிறேன். நாவலில் ஸ்மோக்கும், திரையில் டோரிஸ் டே நடித்த பாடகி ஜோவும் கறுப்பினத்தவர்கள். திரையில் இருவரையும் வெள்ளையர்களாக்கிவிட்டார்கள். எஞ்சியவர், ஹுவானோ ஹெர்னாண்டஸ் பெரும் கண்ணியத்தோடு நடித்த ஆர்ட் ஹஸார்ட் மட்டுமே. சிறுவன் ரிக்குக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த அந்த ஆசிரியர் இறந்துபோக, மாணவன் மட்டும் காப்பாற்றப்படுகிறான். யார் சாகலாம், யார் பிழைக்கலாம் என்று ஸ்டுடியோ வகுத்த இந்தக் கணக்கு உங்களை உறுத்தவில்லையா?

செவிச்செல்வம்:
இருவருமே கதையைப் பற்றியே வாதிடுகிறீர்கள். ஒலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டக்ளஸின் விரல் அசைவுகளுக்குப் பின்னால் ஒலிப்பது ஹாரி ஜேம்ஸின் எக்காளம். 'ஸ்விங்' என்னும் நடன ஜாஸ் கோலோச்சிய காலத்தின் பெரும் இசைக்குழுத் தலைவரான அவருடைய வாசிப்பு அகன்றது, மினுமினுப்பானது. பிக்ஸ் வாசித்ததோ எக்காளத்தை ஒத்த கார்னெட் என்னும் ஊதுகருவி. 1927இல் சாக்ஸஃபோன் கலைஞர் பிராங்கி டிரம்பாவருடன் அவர் பதிவு செய்த 'சிங்கின் த புளூஸ்' இசைத்தட்டைக் கேளுங்கள்: உச்ச சுரங்களை எட்டிப்பிடிக்கும் ஆவேசம் அதில் இல்லை, ஒவ்வொரு சுரமும் எண்ணித் தேர்ந்தெடுத்ததுபோல் அமைதியாக விழுகிறது. படமோ, யாருக்கும் எட்டாத ஓர் உச்ச சுரத்தைத் தேடி ரிக் உடைந்துபோவதாகக் காட்டுகிறது. ஆகவே இதில் பிக்ஸைத் தேடுவதே வீண் வேலை.

தாளக்கட்டு:
ஸ்மோக், ஜோ விஷயத்தில் வெண்திரைவாசி சொல்வதை மறுக்க வழியில்லை. அக்காலத்து ஹாலிவுட்டின் கோழைத்தனம் அது. ஆனால் அந்தக் குற்றம் வேறு, முடிவு பற்றிய குற்றச்சாட்டு வேறு. செவிச்செல்வத்திடமும் ஒன்று கேட்கிறேன்: பதிவுக்கூடத்தில் அந்தச் சுரம் கிட்டாமல் ரிக் நொறுங்கும்போது நாம் பார்ப்பது டக்ளஸின் முகத்தைத்தானே? அங்கே பிக்ஸும் இல்லை, ஜேம்ஸும் இல்லை. தன் கருவியைத் தவிர வேறொன்றையும் நேசிக்கத் தெரியாத ஒருவன் இருக்கிறான். லாரன் பேகால் நடித்த ஏமியோடு அவனது மணவாழ்க்கை முறிவதும் அதனால்தான். (பேகாலுக்கு இன்னும் நல்ல வசனங்கள் எழுதியிருக்கலாம் என்பது தனிக்கதை.) அத்தகையவன் சாவதைவிட, உயிரோடிருந்து மனிதர்களோடு வாழக் கற்றுக்கொள்வதுதான் கடினமானது.

வெண்திரைவாசி:
அவன் அதைக் கற்றுக்கொள்வதைத் திரையில் காட்டியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். வீழ்ச்சிக்கு அத்தனை காட்சிகளை ஒதுக்கிய கர்டிஸ், மீட்சியை மட்டும் ஸ்மோக்கின் சில வரிகளில் அவசரமாக முடித்துவிடுகிறார்.