பாஸ் விலையைவிட முன்பதிவுக் கட்டணம் மிரட்டுகிறது: ஆகஸ்ட் ரயில் பயணத் திட்டத்துக்கு உதவி தேவை

இசார்க்கரை:
வணக்கம். மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். ஆகஸ்ட் 17-ஆம் தேதி தேர்வுகள் முடிகின்றன. மறுநாளே கிளம்பி இரண்டு வாரம் ரயிலில் சுற்ற வேண்டும் என்று நால்வர் பேசி வைத்திருக்கிறோம். நான், என் அறைத்தோழர்கள் இருவர், கோயம்புத்தூரிலிருந்து வரப்போகும் என் தம்பி. தம்பிக்கு 21 வயது, இனிமேல்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அறைத்தோழர்களில் ஒருவருக்கு ஆகஸ்ட் 22-ஆம் தேதி 28 வயது ஆகிறது.

போட்டு வைத்திருக்கும் பாதை: மியூனிக், பாரிஸ், பார்சலோனா, மிலான், வெனிஸ், வியன்னா, மீண்டும் மியூனிக். ஒரு மாதத்துக்குள் 7 நாள் பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் பயணம் செய்யும் இளைஞர் பாஸ் எடுத்தால் போதும் என்று நினைத்தோம். ஆனால் ஒவ்வொரு ரயிலாகத் தேடிப் பார்த்தால் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் கேட்கிறது. எல்லாம் சேர்ந்து ஆளுக்கு நூறு யூரோவைத் தாண்டுகிறது. சில தேதிகளில் பாஸ்காரர்களுக்கு இடமே காட்டவில்லை, அதே ரயிலில் சாதாரண டிக்கெட் விற்கிறது! தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 700 யூரோதான் கணக்கு. எங்கே இடிக்கிறது?

இன்னொன்று: இந்தப் பாஸ் இரண்டு பெயரில் விற்கிறது. தம்பிக்கு யூரெயிலா, இன்டர்ரெயிலா?

சன்னலோரம்:
கடைசிக் கேள்வி எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு, யூரெயில் வெளியிலிருந்து வருபவர்களுக்கு. பார்ப்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் ஜெர்மனியின் வசிப்பு அனுமதி அட்டை இருப்பதால் உங்கள் மூவருக்கும் இன்டர்ரெயில், தம்பிக்கு யூரெயில். இரண்டு பாஸும் செல்லுபடியாகும் ரயில்கள் ஒன்றே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இன்டர்ரெயில்காரர் தாம் வசிக்கும் நாட்டுக்குள் பாஸைப் பயன்படுத்த வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான். தம்பிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பிறந்தநாள்காரருக்குக் கவலை வேண்டாம். இளைஞர் விலை 27 வயது வரை. பாஸ் தொடங்கும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. 18-ஆம் தேதி தொடங்கினால் வழியில் கேக் வெட்டிக்கொள்ளலாம். கிளம்புவதை ஒரு வாரம் தள்ளிப் போட்டால்தான் பெரியவர் விலை விழும்.

புதுமுகம்:
ஐரோப்பிய ஒன்றியமே இளைஞர்களுக்கு இலவசமாக ரயில் பாஸ் கொடுக்கிறதே? அதற்கு விண்ணப்பிக்கலாமே?

சன்னலோரம்:
அது டிஸ்கவர் இயூ. 18 வயதுக்காரர்களுக்கு மட்டும். இந்த நால்வரும் அந்த வயதைத் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது.

கணக்கன்:
இசார்க்கரை, இடிப்பது பாஸ் அல்ல, உங்கள் பாதை. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி மூன்றிலும் அதிவேக ரயில்களுக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம். பாஸ்காரர்களுக்கு என்று ஒரு ரயிலில் ஒதுக்கப்படும் இருக்கைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். ஆகஸ்டில் பாதி ஐரோப்பா விடுமுறையில் இருக்கும்போது அவை முதலில் தீர்ந்துபோகும். காசு கொடுத்து வாங்குபவருக்கு இடம் இருந்து உங்களுக்கு இல்லாமல் போவதன் காரணம் இதுதான். மியூனிக்கிலிருந்து பாரிஸ் போகும் ரயிலுக்கும் முன்பதிவு வேண்டும். இத்தாலிக்குள் ஃப்ரெச்சாரோஸா என்ற அதிவேக ரயிலில் ஏறினால் பாஸுக்கு மேல் 13 யூரோ. லண்டனையும் சேர்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் யூரோஸ்டாருக்கு 30 யூரோவுக்கு மேல், அதோடு பிரிட்டன் விசா தனி.

பார்சலோனாவிலிருந்து மிலானுக்கு நேரடி ரயில் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? பிரான்ஸ் வழியே மாறி மாறிப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க அதிலேயே கரையும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முன்பதிவு. வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது தண்டவாளத்தில் பக்கத்தில் இருக்காது.

வேறு திசையில் பாருங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றிலும் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு இல்லாமலே ஏறி உட்காரலாம். செக் நாட்டிலும் ஏறக்குறைய அப்படியே. சுவிட்சர்லாந்தில் பாஸ் பணம் மிச்சப்படுத்தும், ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டில் அந்த மிச்சம் போய்விடும். 700 யூரோ மாணவனுக்கு ஏற்றது கிழக்கும் தெற்கும்:

மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, புடாபெஸ்ட், மீண்டும் வியன்னா வழியாக லூப்லியானா, பிளெட் ஏரி, நோவா கோரிட்சா, எல்லை தாண்டி கோரிட்சியா, ட்ரியெஸ்டே, வெனிஸ், வெரோனா, பிரென்னர் கணவாய், இன்ஸ்ப்ரூக், குஃப்ஸ்டைன், மியூனிக்.

ஐந்து நாடு: ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, ஸ்லோவேனியா, இத்தாலி. இந்தப் பாதையில் பாஸே தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் மாணவர் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் டிக்கெட்) ரீஜனல் ரயிலில், அதாவது குறுந்தூர ரயிலில், சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை செல்லும். திரும்பும்போது குஃப்ஸ்டைனிலிருந்தும் செல்லும். இரண்டுமே ஆஸ்திரிய மண்ணில் இருக்கும் நிலையங்கள், ஆனாலும் செல்லும். ஆக ஜெர்மனிப் பகுதிக்கு உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. தம்பியிடம் அந்த டிக்கெட் இருக்காது, அவனுக்கு ஒரு பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநில ஒரு நாள் டிக்கெட், எடுத்துவிடுங்கள். அதுவும் சால்ஸ்பர்க், குஃப்ஸ்டைன் வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் செல்லாது, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

இசார்க்கரை:
இப்படி ஒரு பாதையை நாங்கள் யோசிக்கவே இல்லை. மூன்று சந்தேகங்கள். வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு இரவு ரயில் இருக்கிறதே, ஒரு இரவு ஹாஸ்டல் செலவு மிச்சம் ஆகாதா? நோவா கோரிட்சா என்ற பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், அங்கே எதற்கு? பாஸை விட்டுவிட்டுத் தனித்தனி டிக்கெட் எடுத்து, ஒரு ரயில் தாமதமானால் என்ன ஆவது?

கணக்கன்:
இரவு ரயிலில் மூன்று தரம்: இருக்கை, படுக்கைப் பெட்டி, தூங்கும் அறை. மலிவானது இருக்கை. அதில் ஆறு பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு விடியும்வரை விழித்திருப்பார்கள். படுக்கை எடுத்தால் ஹாஸ்டல் வாடகையை எட்டிவிடும், ஆகஸ்டில் சீக்கிரமே விற்றுத் தீரும். உங்கள் வயதில் முதுகு தாங்கும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மிச்சம் என்று கணக்கில் எழுதாதீர்கள். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நள்ளிரவுக்கு முன் ஏறி மறுநாள் இறங்கும் நேரடி இரவு ரயிலுக்கு ஏறிய நாள் மட்டுமே கழியும். இறங்கியபின் இன்னொரு ரயிலில் ஏறினால் அடுத்த நாளும் கழிந்துவிடும்.

தாமதம் பற்றிய பயம் நியாயமானது. சலுகை விலை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளை ஒரே நாளில் கோத்து, முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதம். அதனால் ஒரு நாளைக்கு ஒரு நெடுந்தூர ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள்.

வியன்னாவாசி:
நோவா கோரிட்சாவுக்கு நான் பதில் சொல்கிறேன். போகும் இடத்தைவிடப் போகும் வழிதான் விஷயம். ஸ்லோவேனியாவின் யெசெனிட்செயிலிருந்து அங்கே ஒரு பழைய மலை ரயில்பாதை ஓடுகிறது. 1906-இல் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு ட்ரியெஸ்டே துறைமுகத்தை எட்டுவதற்காகப் போட்டது. பிளெட் ஏரிக்கு மேலே ஒரு சிறு நிலையத்தில் ரயில் நிற்கும். அதன்பின் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளும் போஹிஞ்ச் சுரங்கம், பிறகு சோச்சா ஆற்றின் பச்சைத் தண்ணீர். ஆற்றைக் கடக்கும் சோல்கன் பாலத்தின் வளைவு 85 மீட்டர், கான்கிரீட் இல்லாமல் செதுக்கிய கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் இதைவிடப் பெரிய வளைவு உலகில் இல்லை. முதல் உலகப் போரில் தகர்க்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. சாதாரண டீசல் ரயில், முன்பதிவு என்ற பேச்சே இல்லை. ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான் ஓடும், நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

நோவா கோரிட்சா நிலைய வாசலில் ஒரு சதுக்கம், அதன் நடுவே ஸ்லோவேனியா முடிந்து இத்தாலி தொடங்குகிறது. நகரப் பேருந்திலோ நடந்தோ கோரிட்சியா நிலையத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து வெனிஸ் வரை இத்தாலிய ரீஜனல் ரயில். விலை கிலோமீட்டர் கணக்குதான், கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஏறாது. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டுபவர்கள் தினமும் உண்டு.

ஒரு தேதிச் சிக்கலும் இருக்கிறது. ஆகஸ்ட் 20 ஹங்கேரியின் தேசிய நாள். இரவில் டான்யூப் மேல் வாணவேடிக்கை, ஊரே கரையில் நிற்கும். பார்க்க ஆசை என்றால் இன்றைக்கே ஹாஸ்டல் பிடியுங்கள். இல்லையென்றால் வியன்னாவில் 21 வரை இருந்துவிட்டுப் போங்கள், வாடகை இறங்கியிருக்கும். எனக்கென்றால் வாணவேடிக்கைதான்.

மலைச்சாரல்:
பாஸை இப்படி ஒரேயடியாக ஒதுக்குவதை ஒப்புக்கொள்ளமாட்டேன். 20 வயதுகளில் பயணம் போவதே காலையில் எழுந்து மழை பெய்கிறதா என்று பார்த்துத் திசையை மாற்றுவதற்குத்தான். மலிவு டிக்கெட் எடுத்தவன் அதன் தேதிக்கு அடிமை. ஒரு மாதத்துக்குள் 4 நாள் பாஸ் எடுத்து, நீண்ட தூரங்களுக்கு மட்டும் அதைச் செலவழியுங்கள்: சால்ஸ்பர்க்–வியன்னா, வியன்னா–புடாபெஸ்ட், புடாபெஸ்ட்–லூப்லியானா என்று மூன்று நாள். நான்காவதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் குறுந்தூரம், கையிலிருந்து கொடுக்கலாம்.

கணக்கன்:
நீங்கள் சொல்வது மூவருக்கும் பொருந்தும், தம்பிக்குப் பொருந்தாது. விசாவுக்கு விண்ணப்பிப்பவனிடம் எந்த ஊரில் எத்தனை இரவு என்று எழுதிக் கேட்பார்கள். அவனால் மழை பார்த்துத் திசை மாற்ற முடியாது.

சன்னலோரம்:
விசா பேச்சு வந்ததால் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதி. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதை அதிக நாட்கள் தங்கும் நாடு தீர்மானிக்கும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. தம்பி மியூனிக்கில் உங்கள் அறையில் தங்கும் நாட்களைச் சேர்த்து எண்ணினால் ஜெர்மனிதான் வரும், அதையே தெளிவாகக் காட்டுங்கள். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே போராட்டம், இப்போதே பிடித்து வையுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதும் செல்லுபடியாக வேண்டும். விசா கைக்கு வரும்வரை அவன் பெயரில் திரும்பப் பெற முடியாத எந்த டிக்கெட்டும் வாங்காதீர்கள்.

கணக்கன் போட்ட ஐந்து நாடும் ஷெங்கனுக்குள் இருப்பதால் ஒருமுறை நுழைவு விசாவே போதும். ஆசைப்பட்டுச் சராயேவோ, பெல்கிரேடு பக்கம் போனால் திரும்பி உள்ளே வர முடியாமல் நிற்பான். குரோவேஷியா 2023 முதல் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது, அங்கே போகலாம்.

நால்வரும் கடவுச்சீட்டைப் பையின் அடியில் புதைக்காதீர்கள். நீங்கள் மூவரும் வசிப்பு அனுமதி அட்டையோடு கடவுச்சீட்டும் வைத்திருக்க வேண்டும், அட்டை மட்டும் போதாது. உள் எல்லைகளில் சோதனை இல்லை என்பது பழைய கதை. இத்தாலி 2023 அக்டோபரில் ஸ்லோவேனிய எல்லையில் சோதனையை மீண்டும் தொடங்கியது, ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் தொடங்கியது. குஃப்ஸ்டைன் தாண்டியதும் காவலர்கள் பெட்டிக்குள் வந்து கேட்பது வழக்கமான காட்சி.

இசார்க்கரை:
நால்வரும் பேசி முடித்தோம். பாரிஸும் பார்சலோனாவும் இந்த ஆண்டு இல்லை. தம்பிக்கு விசா வந்ததும் தனித்தனி டிக்கெட். நாங்கள் மூவரும்கூட அவனோடு அதே ரயிலில் போகவேண்டியிருப்பதால் பாஸ் எடுக்கவில்லை. மலைச்சாரல் கோபிக்க வேண்டாம். 20-ஆம் தேதி புடாபெஸ்ட் என்று பெரும்பான்மை தீர்ப்பு. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: நாங்கள் நால்வரில் இருவர் சைவம். இரண்டு வாரமும் ரொட்டியும் சீஸும்தானா?

வியன்னாவாசி:
ஹாஸ்டல் பிடிக்கும்போது சமையலறை இருக்கிறதா என்று பாருங்கள், பாதிச் செலவு அங்கேயே குறையும். ஒரு சிறு குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், முதுகு பழிவாங்கும். பொடி வகைகள் போதும், சோறு எங்கேயும் வடிக்கலாம். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், வியன்னா மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் பல்பொருள் அங்காடி திறந்திருக்கும். ஊரே அங்கேதான் வரிசையில் நிற்கும். வெனிஸில் தீவுக்குள் தங்காமல் மெஸ்ட்ரேயில் தங்குங்கள், ரயிலில் பத்து நிமிடம். ஹங்கேரியில் யூரோ கிடையாது, ஃபோரிண்ட். நிலையத்து நாணய மாற்று முகப்பில் மாற்றாதீர்கள், அட்டையைத் தேய்த்தாலே போதும். இயந்திரம் யூரோவில் கழிக்கவா, ஃபோரிண்டில் கழிக்கவா என்று கேட்டால் ஃபோரிண்டை அழுத்துங்கள்.

மலைச்சாரல்:
கோபமெல்லாம் இல்லை, இசார்க்கரை. பிரென்னர் வழியில் பராமரிப்புப் பணிக்காகச் சில நாட்கள் ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவார்கள். வெரோனாவிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.