வரித்துறை பெயரில் வந்த மெயிலின் ஜிப் கோப்பைத் திறந்துவிட்டேன், என்ன செய்வது?

நண்பர்களே, கொஞ்சம் அவசரம். காலையில் வரித்துறை பெயரில் ஒரு மெயில் வந்தது. சின்னம், கோப்பு எண் எல்லாம் இருந்தன, 48 மணி நேரத்தில் பதில் தராவிட்டால் வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்று போட்டிருந்தது. போன வாரம்தான் கணக்குத் தாக்கல் செய்தேன், அதனால் சந்தேகமே வரவில்லை. கூடவே ஒரு ஜிப் கோப்பு, அதற்கான பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருந்தது. உள்ளே இருந்த பிடிஎஃபை டபுள் கிளிக் செய்தேன், கறுப்பாக ஒரு விண்டோ மின்னி மறைந்தது, வேறு எதுவும் திறக்கவில்லை. ஆன்டிவைரஸ் ஓட்டினால் ஒன்றுமில்லை என்கிறது. விண்டோஸ் 11. வங்கி வேலை, அலுவலக மெயில் எல்லாம் இதில்தான். இப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1
விடாதீர்கள். முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்கிவிடுங்கள், இனி மொபைலில் இருந்து எழுதுங்கள். அப்புறம் அந்தக் கோப்பின் முழுப் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்தே வைக்கும், எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் தெரியும். மறுபடி கிளிக் மட்டும் வேண்டாம்.

கேட்டவர்
நெட்டைத் துண்டித்துவிட்டேன். பெயரின் முடிவில் 'பிடிஎஃப்' என்று இருக்கிறது, அதற்கும் பின்னால் 'எக்ஸி'. ஆனால் ஐகான் பிடிஎஃப் ஐகான்தானே?

பதில் 2
எக்ஸி என்றால் புரோகிராம், திறந்ததும் ஓடும், அதற்கு எந்த ஐகானையும் ஒட்டலாம், அனுப்புநர் பெயரிலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவது உங்கள் பாதுகாப்புக்காக இல்லை, மெயில் சர்வரால் உள்ளே பிரித்துச் சோதிக்க முடியக்கூடாது என்பதற்காக. ஒன்றும் திறக்கவில்லை என்று நினைக்கிறீர்கள், அந்த விண்டோ மின்னியதைப் பார்த்தால் அது ஓடி முடித்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆன்டிவைரஸ் சொல்வதை நம்பி உட்காராதீர்கள், புதிதாக மாற்றிக் கட்டிய கோப்பு அதற்குத் தெரியாமல் போவது சகஜம்.

இப்படி வருபவற்றில் நிறைய, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் (நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்) அள்ளிக்கொண்டு போகிறவை. குக்கி போய்விட்டால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழையலாம். அதனால் வேறொரு சுத்தமான கருவியில் இருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள் (மற்ற கணக்குகளின் ரீசெட் எல்லாம் அங்கேதான் வரும்), கையோடு எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். மெயில் செட்டிங்கில் தெரியாத ஃபார்வர்டு முகவரி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கிக்குப் போன் செய்யுங்கள், எண்ணைக் கார்டின் பின்பக்கத்தில் பார்த்து எடுங்கள்.

பதில் 3
எனக்கு முன்பு நீதிமன்ற சம்மன் என்று ஒரு வேர்டு கோப்பு வந்து, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் நிரலை ஓடவிடும் 'எனேபிள் கன்டென்ட்' பட்டனை அழுத்திவிட்டேன். என் பழைய மெயில்களுக்கே பதில் போலத் தொடர்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அதே கோப்பு போனது. எமோடெட் என்ற வைரஸ் இப்படித்தான் பரவியது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கியும், அதே வருடம் நவம்பரில் திரும்ப வந்தது. அலுவலகத்தில் இன்றே சொல்லிவிடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

பதில் 4
விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் தொடங்கும் முன்பே சோதிப்பது) ஓட்டினால் போதாதா, ஃபார்மட் வரை போக வேண்டுமா?

பதில் 2
வங்கி வேலை நடக்கும் கணினி என்பதால் நான் ஃபார்மட்தான் சொல்வேன். விண்டோஸைப் புதிதாகப் போட அரை நாள் ஆகும், ஆகட்டும்.

கேட்டவர்
ஃபார்மட் தவிர எல்லாம் செய்துவிட்டேன். மெயில் செட்டிங்கில் நான் போடாத ஒரு ஃபார்வர்டு முகவரி நிஜமாகவே இருந்தது, கை நடுங்கிவிட்டது, நீக்கிவிட்டேன். அலுவலகத்துக்கும் வங்கிக்கும் சொல்லியாயிற்று. படங்களையும் கணக்குக் கோப்புகளையும் பேக்கப் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

பதில் 2
பழைய பேக்கப் இருக்கும் டிரைவை இந்தக் கணினியில் செருகவே வேண்டாம், ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) என்றால் அதையும் பூட்டிவிடும். காலி டிரைவ் ஒன்றில் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள், புரோகிராம் எதையும் எடுக்காதீர்கள், ஃபார்மட் முடிந்ததும் அந்த டிரைவை ஸ்கேன் செய்த பிறகு திறங்கள்.