மைவி முன் சக்கரத்து ஸ்டட் முறிஞ்சிடுச்சு, என்ன டூல் வேணும்?

சிப்புட்_மைந்தன்:
2012 பெரோடுவா மைவி கார். டயர் மாத்தின கடையில நட்டைக் கையால பிடிக்காம ஏர் கன்னாலயே நேரா ஏத்திட்டாங்க. நேத்து கழட்டினப்போ இடது முன் சக்கரத்துல ஒரு ஸ்டட் (சக்கர நட்டு ஏறுற மரை போட்ட தண்டு) முறிஞ்சு நட்டோட கையில வந்துடுச்சு. பழசைச் சுத்தியலால அடிச்சு எடுக்கலாமா? புதுசை இழுக்கத் தனி டூல் வேணுமா, வாஷர் போதுமா? புதன்கிழமை அம்மாவை ஈப்போவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.

செம்மண்_ரோடு:
தம்பி, ஸ்டட்டை மாத்துற வரைக்கும் காரை எடுக்காதீங்க. நாலுல ஒண்ணு போனா பாரம் மூணு மேல விழும்.

தோட்டத்துப் பட்டறையில 22 வருஷம் லோரி, டிராக்டர் பார்த்தவன் சொல்றேன், சுத்தியல் வேணாம். அடி ஸ்டட்டோட நிக்காது, பேரிங்குக்கும் போகும். உள்ளே குண்டு ஓடுற தடத்துல பள்ளம் விழுந்தா அப்புறம் ஓட்டும்போது 'ஊ'ன்னு இரையும். பால் ஜாயின்ட் கழட்டுற 'சி' வடிவ பிரஸ் கிடைச்சா அதை மாட்டித் திருகுங்க, ஸ்டட் பின்பக்கம் தானா நழுவும். பிரேக் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) கழட்டிக் கம்பியில கட்டித் தொங்கவிடுங்க, பிரேக் ஹோஸ்ல தொங்கக் கூடாது. ஹப்பை (ஸ்டட் பதிஞ்சிருக்கிற சக்கர நடுப்பகுதி) மெதுவா சுத்தினா பின்னால இடைவெளி வர்ற இடம் தெரியும், அங்க வச்சு எடுங்க. அப்படியும் வெளியே வரலன்னா எதையும் வளைக்காதீங்க, ஹப்பையே இறக்கணும்.

பழைய ஸ்டட்டைக் கடைக்குக் கொண்டு போங்க. மைவிக்கு மரை 12க்கு 1.5, அதாவது தண்டு 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர். ஆனா மரை ஒத்தா மட்டும் போதாது, கழுத்துல இருக்கிற பல்லோட கனமும் ஒத்துப் போகணும். பல் மெலிசா இருந்தா நட்டு திருகும்போது ஸ்டட்டும் கூடவே சுத்தும்.

இழுக்க வாஷரே போதும். தடிச்சதா நாலஞ்சு அடுக்கி, நடுவுல கிரீஸ் தடவி, நட்டோட தட்டைப் பக்கம் வாஷர்ல படுற மாதிரி திருப்பிப் போட்டு, கை ஸ்பேனரால இறுக்குங்க. ஏர் கன் வேண்டவே வேணாம். இழுத்த நட்டைத் திரும்ப சக்கரத்துல போடாதீங்க.

குளுவாங்_ராணி:
அண்ணன் சொன்னது சரி. நான் பேரிங் வச்ச ஸ்டட் இழுப்பான் வாங்கினேன். வாஷர் நட்டோட சேர்ந்து உராயறதால சிரமம், இதுல அது இல்ல. ஒரு ஸ்டட்டுக்குன்னா வாங்க வேணாம், நாலையும் மாத்துறதா இருந்தா வாங்குங்க.

செம்மண்_ரோடு:
சரியாச் சொன்னீங்க. தம்பி, மத்த மூணு மரையையும் விரலால தடவிப் பாருங்க. கடைசியா, நட்டை நாலஞ்சு சுத்து கையாலயே ஏத்துங்க. நான் மைவி நட்டுக்கு வைக்கிற இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர், கையேட்டையும் பாருங்க. 50 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி இறுக்கிப் பாருங்க.

சிப்புட்_மைந்தன்:
அண்ணே, முடிச்சிட்டேன். ஸ்பேனர் லேசா ஓடிட்டே வந்து சட்டுனு கல்லு மாதிரி நின்னுச்சு. பின்னால டார்ச் அடிச்சேன், தலை ஹப்போட ஒட்டி உட்கார்ந்திருக்கு. பக்கத்து ஸ்டட்லயும் ரெண்டு மரை நசுங்கியிருந்துச்சு, அதையும் மாத்திட்டேன். இன்னைக்கு சாயங்காலம் தோட்டத்து ரோடு வழியா ஓட்டிட்டு வந்து மறுபடி இறுக்கிப் பார்க்கிறேன்.