லோ ஜிஐ (ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும்) வீகன் (பால், முட்டைகூட இல்லாத) சாப்பாட்டுக்கு மாறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மழைத்துளி:
சுகர் வந்தபிறகு மாறினேன். பருப்பு, கொண்டைக்கடலை, காய்கறி, கொட்டைகள் என்று போனது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) நன்றாகவே இறங்கியது. சொல்ல வந்தது அதையல்ல. ஒருநாள் படியேறும்போது பின்னால் வந்தவர், "உங்க செருப்பு கீழேயே கிடக்குதுங்க" என்றார். குனிந்து பார்த்தால் இடதுகால் வெறுங்காலாக இருக்கிறது! கழன்றதே தெரியவில்லை. சுகர் நரம்பைப் பிடித்துவிட்டது என்று வீட்டில் ஒரே புலம்பல். பரிசோதித்தால் பி12 (நரம்புக்கு வேண்டிய வைட்டமின், கறி, மீன், பாலில் கிடைப்பது) அதலபாதாளத்தில். நான் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வேறு சாப்பிடுகிறேன், அதுவும் பி12-ஐக் குறைக்குமாம். ஊசி போட்டபிறகு உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. விரல் நுனி மட்டும் இன்னும் பஞ்சில் மிதிப்பது போலத்தான்.

ராத்திரிப்பறவை:
இதற்கு வீகனைக் குறை சொல்வது நியாயமே இல்லை. மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையத்தான் செய்கிறது. எங்கள் அண்ணன் கதை வேறு. வேகவைத்த உருளைக்கிழங்கைவிட சிப்ஸுக்கு ஜிஐ குறைவு என்று எங்கோ பட்டியலில் பார்த்துவிட்டு, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு "இதுவும் வீகன்தானே?" என்கிறார். எண்ணெயால் செரிமானம் மெதுவாகிறது, அதனால் எண் குறைகிறது. அதற்காக அது நல்ல சாப்பாடு ஆகிவிடுமா?

கணக்குப்பிள்ளை:
தர்பூசணியை ஜிஐ பார்த்து ஒதுக்கிவைத்திருந்த ஆள் நான். என் கதை அவ்வளவுதான். ஆனால் இங்கே யாரும் அளவைப் பற்றிப் பேசவே இல்லையே? 1981-ல் டேவிட் ஜென்கின்ஸ் குழு டொராண்டோவில் இந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தபோது, குளுக்கோஸை 100 என்று வைத்து ஒவ்வொரு உணவையும் தனியாகக் கொடுத்துத்தான் அளந்தார்கள். 55 வரை குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். சாப்பிடுகிற அளவு அதில் வராது. ஜிஐயை மாவுச்சத்து கிராமால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் கிளைசெமிக் லோடு. தர்பூசணிக்குப் பல பட்டியல்களில் 70-க்கு மேல். ஆனால் 100 கிராமில் மாவுச்சத்து 8 கிராம்கூட இல்லை. லோடு 6-க்குள் முடிந்துவிடும், 10 வரை குறைவுதான்.

அப்புறம், பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை பிழியுங்கள், டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மாறவே வேண்டாம். மாவுச்சத்து குறைந்து ஊசி அளவு பழையபடியே இருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.

மழைத்துளி:
ராத்திரிப்பறவை, நான் எங்கே வீகனைக் குறை சொன்னேன்? இன்றைக்கும் அதே சாப்பாடுதான், கூடவே ஒரு பி12 மாத்திரை.